டீன் நாவல்களின் காமிக்ஸ் வடிவம்: எதை வாங்கலாம்?

நண்பர்களே, ஒரு உதவி. நாவல் என்றாலே ஓடும் என் அக்கா மகளுக்கு (13 வயது) டீன் ஏஜ் நாவல்களின் காமிக்ஸ் வடிவம் தேடுகிறேன். யங் கிம் வரைந்த 'ட்வைலைட்' 2010, 2011இல் இரண்டு பாகங்களாக வந்தது. ஓவியம் அழகுதான். ஆனால் நாவலில் நாயகி பெல்லா மனதுக்குள் பேசுவதுதான் பாதிக் கதை, காமிக்ஸில் அது சுருங்கிவிடுகிறது. எமிலி கேரல் வரைந்த 'ஸ்பீக்' (2018) நேர்மாறு. பேச்சை நிறுத்திவிட்ட பெண்ணின் மௌனத்தைப் படமே சொல்லிவிடுகிறது. பாலியல் வன்முறை பற்றிய கதை என்பதால் இப்போதே கொடுக்கத் தயக்கம். 'காசிப் கேர்ள்' மங்காவோ (ஜப்பானிய பாணி காமிக்ஸ்) நாவலின் அதே பாத்திரங்களை வைத்து எழுதிய புதுக்கதை.

நட்பு, பள்ளிக்கூடச் சண்டை, கொஞ்சம் காதல் என மூல நாவலை விட்டு ரொம்ப விலகாத தழுவல் ஏதாவது படித்திருக்கிறீர்களா? கறுப்பு வெள்ளையானாலும் சரி. பாதியில் நின்றுபோன தொடர் மட்டும் வேண்டாம், அப்புறம் என்னைத்தான் திட்டுவாள்.