நாம எழுதுன மென்பொருள், நம்ம பேரு, அடுத்தவன் கல்லாப்பெட்டி: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க

லயத்துப்பையன் (சுங்கை சிப்புட்):
செம்பனைத் தோட்டத்து மண்டோருங்களுக்கு, அதாவது வேலையை மேற்பார்க்கிறவங்களுக்கு, குலைக்கணக்குச் செயலி ஒண்ணு எழுதி ஜிபிஎல் உரிமத்துல (யாரும் எடுத்து மாத்தலாம், கொடுக்கிறப்ப மூலநிரலையும் கொடுக்கணும்) விட்டது இங்க பல பேருக்குத் தெரியும். யாரு எத்தனை குலை வெட்டுனாங்க, உதிரிப்பழம் எத்தனை மூட்டை, அவ்வளவுதான். செயலியோட பேரை இங்க எழுதல. எழுதுனா அதை எடுத்து விக்கிறவனுக்குத்தான் விளம்பரம்.

போன மாசம் ஒட்டுக்கடையில பசியாறிட்டு இருக்கேன். எங்க பழைய டிவிசன் மண்டோர் மாமா பிளாஸ்டிக் பையில சுத்தியிருந்த போனை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்துல வெச்சார். "ஏன்டா தம்பி, பத்து வெள்ளி கட்டலன்னு பூட்டிட்டியே, நேத்து வெட்டுன கணக்கு பூரா உள்ள மாட்டிக்கிச்சு. உங்க அப்பாகூட வேலை செஞ்சவன்டா நான்." திரையில என் செயலியோட பேரு. என் தங்கச்சி வரைஞ்ச குலைப் படம், இடது பக்கம் மடங்குன ஓலையோட அப்படியே. கீழ டவுன்ல இருக்கிற ஒரு கணினிக் கடையோட நம்பர்.

கடையில போய்க் கேட்டா மூலநிரலை உடனே பென்டிரைவ்ல போட்டுக் கொடுத்துட்டான். அந்த விஷயத்துல யோக்கியன். காசுக்கு விக்கிறதையும் ஜிபிஎல் தடுக்கல. பூட்டுனது நான் இல்லைன்னு மாமாகிட்ட எவ்வளவு சொல்லியும் நம்பல. "பேரு உன் பேருதானே?"ங்கிறார்.

பழையவாத்தியார்:
எனக்கு நடந்தது வேற மாதிரி. 2007ல தமிழ்ப்பள்ளி கணினி அறையில டெபியன்ங்கிற இலவச லினக்ஸ் இயங்குதளம் போட்டேன். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைக் காணோம், அதுக்குப் பதிலா ஐஸ்வீசல்னு ஒண்ணு இருக்கு. உலக உருண்டையைச் சுத்திக் கீரி மாதிரி ஒரு பிராணி. தலைமையாசிரியர் பார்த்துட்டு, "என்னய்யா இது, கள்ளக்காப்பியா?"ன்னு பெற்றோர் முன்னாலயே கேட்டுட்டார். எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. நான் என்னத்தைச் சொல்ல, ஃபயர்ஃபாக்ஸை வெளியிடுற மொசில்லா 2006ல, "எங்க பேரை வெச்சா எங்க சின்னத்தையும் வைக்கணும், நீங்க செய்யிற மாற்றத்தை எங்ககிட்ட காட்டணும்"னு சொன்னதையா? டெபியன்காரங்க பேரை விட்டுட்டாங்க. 2016லதான் திரும்ப ஃபயர்ஃபாக்ஸ் ஆச்சு. அதுக்குள்ள நான் பென்சன் வாங்கியாச்சு.

இத்தனைக்கும் ஃபயர்ஃபாக்ஸே மூணாவது பேரு. முதல்ல ஃபீனிக்ஸ், அப்புறம் ஃபயர்பேர்ட். ரெண்டுலயும் தகராறு.

கடைக்காரன்:
லயத்துப்பையன் தம்பி, கோவிச்சுக்காதீங்க. தூக்கிக் கொடுத்துட்டு இப்ப என்ன பொலம்பல்? ரெட் ஹேட் நிறுவனம் காசுக்குக் கொடுத்த லினக்ஸோட மூலநிரலை சென்டோஸ்காரங்க அள்ளிக்கிட்டுப் போய் இலவசமா விட்டப்ப எல்லாரும் கைதட்டுனோம். டவுன்ல ஒரு சின்னக் கடைக்காரன் செஞ்சா மட்டும் திருட்டா? நானும் கடை வெச்சிருக்கேன், வாடகை எனக்குத் தெரியும்.

பழையவாத்தியார்:
கைதட்டுனோம், சரி. ஆனா சென்டோஸ்காரங்க ரெட் ஹேட் பேரையும் தொப்பிச் சின்னத்தையும் ஒண்ணு விடாம சுரண்டி எடுத்துட்டுத்தானே வெளியிட்டாங்க? அவங்க பக்கத்துல "வட அமெரிக்காவின் பிரபல லினக்ஸ் நிறுவனம்"னு சுத்தி வளைச்சு எழுதியிருப்பாங்க, புருஷன் பேரைச் சொல்லாத அந்தக் காலத்துப் பொம்பளை மாதிரி. நீங்க பரிஞ்சு பேசுற அந்த டவுன் கடை ஆளு அதைச் செஞ்சாரா?

கிள்ளான்அக்கா:
நான் கோலாலம்பூர்ல வேலை செஞ்சப்ப ஹட்சன்ங்கிற மென்பொருள் (நிரலைத் தானாவே கட்டிச் சோதிக்கிறது) ஜென்கின்ஸ் ஆன கதை. அது பிறந்த சன் நிறுவனத்தை வாங்கின ஆரக்கிள், ஹட்சன்ங்கிற பேரு எங்களுதுன்னு சொல்லிடுச்சு. 2011ல சமூகத்துல ஓட்டெடுத்துப் பேரை மாத்துனாங்க. எழுதுன ஆளும் புதுப் பேரோடயே போயிட்டார். எங்க மேனேஜர் மட்டும், "பேரு தெரியாத சாமானை யாரு போடச் சொன்னது?"ன்னு என்னைத் திட்டுனார்.

அதை விடுங்க. தம்பி, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். உரிமம் வேற, பேரு வேற. அப்பாச்சி 2.0ங்கிற இன்னொரு திறந்த உரிமத்துல 6ஆவது பிரிவு, பேரைப் பயன்படுத்த அனுமதி கிடையாதுன்னு நேராவே சொல்லுது. ஜிபிஎல் 3ல 7ஆவது பிரிவுப்படி நீங்களே அப்படி ஒரு நிபந்தனை சேர்த்துக்கலாம். அடுத்த பதிப்புல சேருங்க. அப்புறம் மைஐபிஓவுல, அதான் மலேசிய அறிவுசார் சொத்து அலுவலகத்துல, பேரை வணிக முத்திரையாப் பதியுங்க. 2019ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டம் அந்த வருசம் டிசம்பர் 27லேருந்து நடப்புல இருக்கு. பதிஞ்சா பத்து வருசம், அப்புறம் புதுப்பிச்சுக்கலாம். பதியறப்ப எந்த வகைப் பொருள்னு வகுப்பு சொல்லணும்: மென்பொருளுக்கு 9ஆம் வகுப்பு. இணையச் சேவையா ஓட்டுனா 42. ரெண்டுக்கும் தனித்தனியா காசு. பதியாட்டியும், பேரை வெச்சு மக்களை ஏமாத்துறான்னு வழக்குப் போட வழி இருக்கு. ஆனா உங்க பேரை மக்களுக்குத் தெரியும்னு நீங்கதான் நிரூபிக்கணும். அதனால முதல்ல வெளியிட்ட தேதி, மண்டோருங்க அனுப்புன வாட்ஸ்அப், தங்கச்சி வரைஞ்ச மூலப்படம் எல்லாத்தையும் எடுத்து வைங்க. சீக்கிரம் செய்யுங்க. அவன் முந்திக்கிட்டு விண்ணப்பிச்சா நீங்க எதிர்ப்புத் தாக்கல் பண்ணிட்டு அலையணும். லினக்ஸ் பேரையே அமெரிக்காவுல சம்பந்தமில்லாத ஒருத்தர் பதிஞ்சு வெச்சுக்கிட்டு 1996ல லினக்ஸ் நிறுவனங்ககிட்ட வருமானத்துல பங்கு கேட்டார். மறு வருசம்தான் அது லினக்ஸை உருவாக்குன டோர்வால்ட்ஸ் கைக்கு வந்துச்சு.

லயத்துப்பையன்:
நன்றிக்கா. ரெண்டு வகுப்புக்கும் காசு கட்டுறதுக்கு அந்தச் செயலி எனக்கு ஒரு காசு கொண்டு வந்ததில்ல. இப்போதைக்குத் தொடக்கத் திரையில "இது இலவசம், யாருக்கும் பணம் கட்டாதீங்க"ன்னு தமிழ்லயும் மலாய்லயும் போட்டிருக்கேன். அவன் அந்த வரியை அழிச்சுட்டுப் போட்டாலும் உரிமப்படி கேக்க முடியாது.

கடைக்காரன்:
சென்டோஸ் விஷயம் வாத்தியார் சொல்றது நியாயம்தான். ஆனா விக்கிறது தப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன். சரி, அது எந்தக் கடை தம்பி? பஸ் நிலையத்துக்குப் பின்னால மாடியில இருக்கே, அதுவா? அங்க பிரிண்டர் மை போடுறது நான்தான். வெள்ளிக்கிழமை பணம் வசூலிக்கப் போறேன். பேரை மாத்தச் சொல்லிப் பார்க்கிறேன். தனித்தகவல்ல அனுப்புங்க.