குளிர் முகில்: ஜீன்ஸ் நிறை 29 சூரிய நிறை வருவது ஏன்?

கேள்வி (ஜூனியர் கல்லூரி மாணவர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்):
வணக்கம். விண்வெளியில் உள்ள குளிர்ந்த வாயு முகிலுக்கு ஜீன்ஸ் நிறையை (தன் ஈர்ப்பாலேயே சுருங்கத் தேவையான குறைந்தபட்ச நிறையை) கணக்கிடுகிறேன்: 10 கெல்வின், கன மீட்டருக்கு 10¹⁰ ஹைட்ரஜன் மூலக்கூறு. விரியல் தேற்றத்திலிருந்து (ஈர்ப்பாற்றலையும் வெப்ப ஆற்றலையும் ஒப்பிடும் விதி) வரும் சூத்திரத்தில் துகள் நிறைக்குப் புரோட்டான் நிறையைப் போட்டால் 29 சூரிய நிறை வருகிறது. பாடக்குறிப்பில் சுமார் 5 என்றிருக்கிறது. அலகுகளைச் சரிபார்த்துவிட்டேன். இன்னொன்று: முகிலின் நிறையைக் கார்பன் மோனாக்சைடு வரைபடத்திலிருந்து எடுக்கலாமா?

பதில் 1:
தம்பி, அலகில் பிழையில்லை, துகள் நிறையில்தான் இருக்கிறது. அங்கே ஹைட்ரஜன் மூலக்கூறாக இருக்கிறது, கூடவே ஹீலியமும் உண்டு. அழுத்தத்துக்குச் சராசரித் துகள் நிறை புரோட்டானைப்போல 2.37 மடங்கு. அடர்த்திக்கோ, ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு அதன் பங்கு ஹீலியத்தையும் சேர்த்து 2.8 மடங்கு. முதலாவதை மட்டும் திருத்தினால் 8-ல் நின்றுவிடும். இரண்டையும் திருத்துங்கள், 4.8 வரும். வெப்பநிலை 1.5 அடுக்கில் வருவதால் 20 கெல்வின் என்று வைத்தாலே விடை 2.8 மடங்கு ஏறும். அதனால் வெப்பநிலையை அளப்பதில்தான் அதிக கவனம் வேண்டும்.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு: முகிலின் வெளிப்பகுதிக்குச் சரி, கருவுக்கு (அடர்ந்த நடுப்பகுதிக்கு) கூடாது. ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு மின் இருமுனை இல்லை. அதன் முதல் சுழற்சி அலை 28 மைக்ரோமீட்டரில் வருவதற்கே சுமார் 500 கெல்வின் வேண்டும். அதனால்தான் 115 கிகாஹெர்ட்ஸில் கார்பன் மோனாக்சைடைப் பார்க்கிறோம். ஆனால் சாதாரண ஐசோடோப்பின் அலை சீக்கிரம் நிறைவுற்றுவிடும், உள்ளே இருப்பது தெரியாது. அரிய ஐசோடோப்புகளுக்குப் போனாலும், 20 கெல்வினுக்குக் கீழே அடர்ந்த கருவில் கார்பன் மோனாக்சைடு தூசு மேல் உறைந்து ஒட்டிக்கொள்கிறது. வரைபடத்தில் நடுவே ஓட்டை இருப்பதுபோல் தெரியும், நிறை குறைந்து வரும். கருவுக்கு அம்மோனியாவையோ தூசையோ நம்புங்கள். பர்னார்டு 68 என்ற இருண்ட முகிலின் அடர்த்தியை 2001-இல் அளந்தது, பின்னால் உள்ள விண்மீன்களின் ஒளி தூசால் அகச்சிவப்பில் எவ்வளவு மங்குகிறது என்று பார்த்துத்தான்.

கேட்டவர்:
நன்றி சார், 4.8 வந்துவிட்டது. ஆனால் சுருங்கும்போது வாயு சூடாகாதா?

பதில் 1:
தொடக்கத்தில் சூடாகாது. பிறக்கும் வெப்பத்தை மூலக்கூறுகளும் தூசும் உடனுக்குடன் வெளியேற்றிவிடும். 10 கெல்வினிலேயே அடர்த்தி நூறு மடங்கானால் ஜீன்ஸ் நிறை பத்தில் ஒன்றாகி 0.48 சூரிய நிறை ஆகிறது. பெரிய முகில் பல துண்டாக உடைய இதுவே வழி. (தன்னிச்சை வீழ்ச்சிக் காலத்தையும், அதாவது தடையே இல்லாமல் ஈர்ப்பால் இடிந்து விழ ஆகும் காலத்தையும், போட்டுப் பாருங்கள்: உங்கள் எண்களுக்குச் சுமார் 300,000 ஆண்டு. காந்தப்புலமும் கொந்தளிப்பும் அதை நீட்டும்.) கன செண்டிமீட்டருக்கு (கன மீட்டருக்கு அல்ல) ஏறத்தாழ 10¹⁰ மூலக்கூறை நெருங்கும்போதுதான் கதிர் வெளியேற முடியாமல் வெப்பம் ஏறும். 2,000 கெல்வின் வாக்கில் மூலக்கூறுகள் பிளந்து ஆற்றலை விழுங்கும், கரு மறுபடி இடிந்து விழும்.