புதுப்பிப்பு: எங்கள் வீட்டுக் 'குப்பன்' பெயருக்குக் காரணம் கிடைத்துவிட்டது

தலைமுறைக்கு ஒருவருக்குக் குப்பன், குப்பம்மாள் என்று ஏன் பெயர் வைக்கிறார்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். குலதெய்வத்தின் பெயராக இருக்கும் என்றுதான் பலரும் சொன்னீர்கள். அது இல்லை.

ஊருக்குப் போய்ப் பெரிய அத்தையிடம் கேட்டேன். பாட்டனாரின் அம்மாவுக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லையாம். நான்காவது பிறந்ததும் முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் கிடத்தி, அப்புறம் எடுத்து வந்து குப்பன் என்று பெயரிட்டிருக்கிறார்கள். வேண்டாத பொருள் என்று எமன் விட்டுவிடுவான் என்ற நம்பிக்கை. பிச்சை என்ற பெயருக்கும் பல வீடுகளில் இதே காரணம்தான். கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அசிங்கமான பெயர் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். அது ஒரு தாயின் பயம்.

தாத்தா பெயரைத் தாங்குவதால்தான் பெயரன், பேரன் ஆனான். சரி, என் அண்ணனுக்கும் தாத்தாவின் பெயரான குப்பன்தான். ஆனால் எங்கள் பாட்டி கணவர் பெயரைச் சொல்லமாட்டார். அதனால் என் அண்ணனைக் கடைசிவரை 'ராசா' என்றுதான் கூப்பிட்டார். பள்ளியில் சேர்த்தபோது அவன் பெயர் குப்புசாமி ஆகிவிட்டது.

தங்கைக்குத் தை மாதம் பிரசவம். பெண் பிறந்தால் குப்பம்மாள்தான் என்கிறாள்.