புதுப்பிப்பு: வவுனியாவிலிருந்து ரயிலில் மூன்று கோட்டைகள்

மார்கழியில் நானும் மனைவியும் பூநகரி, யாழ்ப்பாணம், மன்னார்க் கோட்டைகளை ரயிலிலேயே பார்க்கலாமோ என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

பூநகரிக்குச் சரிவந்தது, யாழ்ப்பாண ரயில் பாதையிலுள்ள 'பரந்தனில் இறங்குங்கோ' என்ற யோசனைதான். ரயில் பூநகரிக்குப் போகாது. பரந்தனிலிருந்து பஸ், ஏறத்தாழ 25 கிலோமீற்றர். கோட்டை சின்னச் சதுரம், எதிரெதிர் மூலைகளில் மட்டுமே கொத்தளம். பார்த்து முடிய பரந்தனுக்குத் திரும்பத் தேவையில்லை. 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் பஸ்ஸிலேயே யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து ரயிலில் வவுனியா திரும்பலாம்.

மன்னாருக்கு ரயில் வீண் சுற்று. தலைமன்னார்ப் பாதை மதவாச்சியில் பிரிவதால் வவுனியாக்காரர் முதலில் தெற்கே போகவேணும். நேர் பஸ்தான் சுகம். 1560இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, மன்னார்த் தீவுக்குப் போகும் பாலம் கடந்த கையோடு வரும்.

எதிர்பாராதது: கோட்டைகளின் ஈர முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வழுக்கும், மதில்மேல் வாடைக்காற்றில் குடை நிற்காது. மழைக்கோட்டும் பிடிப்புள்ள செருப்பும் கொண்டுபோங்கோ.