லங்காவியில் நிற்கும் பாய்மரப் படகை விற்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. என் பாய்மரப் படகை விற்க வேண்டிய நிலை. வெஸ்ட்சைல் 32 என்ற ரகம், 1977இல் கலிபோர்னியாவில் கட்டியது. இப்போது மலேசியாவின் லங்காவித் தீவில் நிற்கிறது. முழங்கால் இனி படகுக்குத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மனசே இல்லாமல்தான் எழுதுகிறேன்.

வேகமான படகு இல்லை. ஏறக்குறைய 9 டன் எடை. ஆனால் கடல் கொந்தளிக்கும்போது அந்தக் கனம்தான் நம்மைத் தூங்கவிடும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளை இரண்டு வருடத்துக்கு முன்தான் மாற்றினேன். யான்மார் டீசல் எஞ்சின், 400 வாட் சோலார், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், அக்கம்பக்கக் கப்பல்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி, 60 மீட்டர் நங்கூரச் சங்கிலி எல்லாம் இருக்கின்றன. காற்றின் திசைக்கேற்பத் தானே சுக்கானைத் திருப்பும் கருவியும் உண்டு, அதற்குக் கரண்டே வேண்டாம். அந்தமான் கடலில் மூன்று ராத்திரி நான் சுக்கானைத் தொடவே இல்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பெருமழையில் முன்பக்க மேல்மூடி வழியே சொட்டும். கீழே பலகை உள்ளங்கை அளவுக்குக் கறுத்திருக்கிறது.

தரகர் 10 சதவீதம் கேட்கிறார். கொடுக்கலாமா, நானே நேரடியாக விற்கலாமா? படகைக் கரையேற்றி, படகின் நிலையைச் சோதிக்கும் சர்வேயரின் அறிக்கையை முன்கூட்டியே வாங்கி வைத்தால் பயன் உண்டா? லங்காவி வரியில்லாத் தீவு; வாங்குபவர் படகைப் பினாங்குக்குக் கொண்டுபோனால் வரி எவ்வளவு வரும்?

மேற்கே இலங்கை, செங்கடல் பக்கம் போகிறவர்கள் வடகிழக்குப் பருவக்காற்றில் ஜனவரி, பிப்ரவரிவாக்கில் கிளம்பிவிடுவார்கள். அதற்குள் கைமாற்றினால் நல்லது. விற்று அனுபவமுள்ள அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். நீண்ட பயணம் போகிற ஆள் யாராவது தெரிந்தால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள். சும்மா கட்டிப்போடுகிறவர் கைக்கு இதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.