மாநகராட்சியின் பசுமைத் திட்டம் உங்கள் தெருவுக்கு வந்தபோது என்ன நடந்தது?

பச்சை வாளி:

எட்டு மாதமாக வீட்டில் இரண்டு வாளி வைத்து மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்து வந்தேன். பால் கவரைக் கழுவிக் காயவைத்துப் போடும் அளவுக்குப் போய்விட்டேன். போன வாரம் ஒரு நாள் காலையில் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால், வண்டியில் வந்தவர் என் பச்சை வாளியையும் நீல வாளியையும் ஒரே தொட்டியில் கவிழ்த்துவிட்டு, வாளிகளை மட்டும் பத்திரமாக வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்.

கீழே இறங்கி ஓடுவதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. என் கணவர் முதல் நாளிலிருந்தே "நீ என்னதான் பிரித்தாலும் எல்லாம் ஒரே குப்பைமேட்டுக்குத்தான் போகும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் மேல் வந்த கோபத்தைவிட இவர் சொன்னது சரியாகிவிட்டதே என்ற கோபம்தான் அதிகம்.

உங்கள் பக்கம் எப்படி? குப்பை, மரம், மழைநீர், தெருவிளக்கு, எதுவானாலும் சரி. நேரில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், திறப்பு விழாப் படங்கள் வேண்டாம்.

கடைசி வீடு:

அதே கதைதான் இங்கேயும். நான் ஆறே வாரத்தில் விட்டுவிட்டேன். எட்டு மாதம் தாங்கினீர்களே, பெரிய விஷயம்.

மொட்டைமாடி:

எங்களுக்கு மாநகராட்சியே இலவசமாக உரத் தொட்டி கொடுத்தது. மூன்று அடுக்கு, கீழே ஒரு குழாய், கூடவே ஒரு துண்டுப் பிரசுரம். அதில் "சமையலறைக் கழிவைப் போடவும், 45 நாளில் உரம் தயார்" என்று மட்டும்தான் இருந்தது. நானும் நம்பிப் போட்டேன். பத்தாவது நாள் மாடிக் கதவைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம். பதினைந்தாவது நாள் புழு. கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, ஒன்றும் பேசாமல் மூக்கைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனார், திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்புறம்தான் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். காய்கறித் தோலில் நைட்ரஜனும் ஈரமும் அதிகம், கார்பன் குறைவு. உரமாக மாறுவதற்கு ஏறத்தாழ 30 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் வேண்டும். அதற்குக் காய்ந்த இலை, மரத்தூள், கிழித்த அட்டை என்று ஏதாவது சேர்க்க வேண்டும். நான் ஒரு கைப்பிடி காய்ந்த இலைகூடப் போடவில்லை, கிளறவும் இல்லை. காற்று போகாத இடத்தில் அது மக்காது, அழுகும். அழுகினால் நாறத்தான் செய்யும்.

இப்போது ஒரு கை கழிவுக்கு இரண்டு கை இலை போடுகிறேன், மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறுகிறேன். நாற்றமே இல்லை. அந்தப் புழுக்கூட எதிரி இல்லையாம், கருப்புப் படைவீரன் ஈ என்ற ஒன்றின் புழு, கழிவைத் தின்று சீக்கிரம் கரைத்துவிடும். ஈ வளர்ந்த பிறகும் கடிக்காது.

எனக்கு ஒரே குறைதான். தொட்டிக்குச் செலவு செய்தவர்கள் அந்த ஒரு வரியையும் அச்சடித்திருக்கலாம்: காய்ந்த இலை போடவும். எங்கள் வரிசையில் தொட்டி வாங்கியவர்களில் பாதிப் பேர் இப்போது அதில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

சைக்கிள் பார்ட்டி:

எங்களுக்கு சைக்கிள் பாதை போட்டார்கள். பச்சை வண்ணம், நல்ல அகலம். கார் நிறுத்துவதற்கு மிகவும் வசதியாக இருக்கிறது.

வேப்பமரத்தடி:

மரம் நடும் விழாவைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரே நாளில் இருபத்தைந்து கன்று நட்டார்கள். எனக்கு அன்றே சந்தேகம், ஏனென்றால் குழி ஒரு அடிகூட இல்லை, கன்று ஆறு அடி. போட்டோ எடுத்தார்கள், கைதட்டினார்கள், போனார்கள். அடுத்த கோடையில் எண்ணினேன், ஒன்பது இருந்தது.

செத்ததெல்லாம் தண்ணீர் இல்லாமல் செத்ததென்று நினைக்காதீர்கள். நான்கைந்து அப்படித்தான் போயின. மூன்றைக் கொன்றது காவல் குச்சியில் கட்டிய பிளாஸ்டிக் கயிறு. தண்டு பெருக்கப் பெருக்கக் கயிறு பட்டைக்குள் இறங்கி நெரித்துவிட்டது. பட்டைக்கு அடியில்தான் இலையில் தயாரான சத்து வேருக்குப் போகிறது, அதை அறுத்தால் மரம் மேலே பச்சையாக இருந்துகொண்டே கீழே பட்டினி கிடக்கும். இன்னும் சிலவற்றுக்கு, நடைபாதை போட வந்த வேறொரு பிரிவு தண்டு வரைக்கும் சிமென்ட் பூசிவிட்டது. ஒரே அலுவலகம், ஒரு மாடியில் இருப்பவர் நடுகிறார், அடுத்த மாடியில் இருப்பவர் மூடுகிறார்!

மிச்சம் இருந்த ஒன்பதுக்கும் நானும் எதிர்வீட்டுப் பையனும் கயிற்றை அவிழ்த்து, துணிக் கீற்றால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டினோம். வாரம் இரண்டு முறை ஒரு குடம் தண்ணீர், இரண்டு கோடைக்கு. அதற்கு மேல் ஊற்றவே தேவைப்படவில்லை. எட்டு மரம் நிற்கிறது. ஒன்பதாவதை லாரி இடித்துவிட்டது.

மேற்பார்வை:

பச்சை வாளி அக்கா, நான் அந்தப் பக்கத்து ஆள். உங்கள் ஊர் இல்லை, வேறு ஊர். ஒரு மாநகராட்சியில் தூய்மைப் பணி மேற்பார்வை. ஊர் பெயர் சொல்ல மாட்டேன், வேலை முக்கியம்.

நீங்கள் பார்த்தது உண்மைதான். எங்கள் வண்டியிலும் நடந்திருக்கிறது, நானே கண்டித்திருக்கிறேன், நானே கண்ணை மூடிக்கொண்டும் இருந்திருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், நியாயப்படுத்தவில்லை.

வண்டியில் நடுவே ஒரு தடுப்பு இருக்கும், ஒரு பக்கம் ஈரக் குப்பை, ஒரு பக்கம் உலர் குப்பை. உலர் குப்பை எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும். அட்டைப் பெட்டி, தெர்மாகோல் எல்லாம் பாதித் தெரு முடிவதற்குள் நிரம்பிவிடும். ஈரப் பக்கத்தில் இடம் இருக்கும். வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வர நேரம் இல்லை, எத்தனை நடை என்பதும் கணக்கு. அப்போது என்ன செய்வார்? இடம் இருக்கும் பக்கம் கவிழ்ப்பார். திட்டம் போட்டவர்கள் எடையைக் கணக்குப் போட்டார்கள், கன அளவைக் கணக்குப் போடவில்லை.

இன்னொன்று, வீடுகள். நூறு வீட்டில் தொண்ணூறு சரியாகப் பிரித்தாலும், மற்ற பத்து வீட்டு வாளியில் டயப்பரும் உடைந்த கண்ணாடியும் ஈரக் குப்பையோடு வந்தால் மொத்தச் சுமையும் கெட்டுப்போகும். உரக்கூடத்தில் இருப்பவர் பார்த்துவிட்டு "இதை எடுக்க முடியாது" என்று திருப்பிவிடுவார். கண்ணாடித் தூள் உள்ள உரத்தை எந்த விவசாயி வாங்குவார்? திருப்பிவிட்டால் நேரே குப்பைக் கிடங்குதான். கையுறை கிழிந்து எங்கள் ஆட்களுக்கு ஊசி குத்திய கதையெல்லாம் இங்கே வேண்டாம்.

கிடங்குக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "மண்ணுக்குத்தானே போகிறது" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மலைபோல் குவித்த குப்பைக்குள் காற்று போகாது. காற்றில்லாமல் அழுகும் உணவுக் கழிவு மீத்தேன் விடும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 80 மடங்கு சூடேற்றும் வாயு. கோடையில் கிடங்கில் தீப்பிடித்தால் நாள் கணக்கில் அணையாமல் புகைவதற்கும் உள்ளே இருக்கும் அந்த வாயுதான் பெரிய காரணம். அந்தப் புகைக்குள் நின்று வேலை பார்த்திருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான் அக்கா. மேலிடத்துக்குப் புகார் எழுதுவதற்கு முன் வண்டியில் வருபவரிடம் பேசுங்கள். பெரும்பாலும் யாருமே அவரிடம் பேசியிருக்க மாட்டார்கள்.

பச்சை வாளி:

பேசியதில்லை, உண்மைதான். எட்டு மாதத்தில் "சீக்கிரம் வந்துட்டீங்களே" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வருடம் வெளிநாடு:

வேலைக்காக சியோலில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே உணவுக் கழிவுக்குத் தனிப் பெட்டி, அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும், போட்டதும் எத்தனை கிராம் என்று திரையில் காட்டும், மாதக் கடைசியில் அந்த எடைக்குக் காசு கட்ட வேண்டும். தென்கொரியாவில் 2005லேயே உணவுக் கழிவை நேரடியாகப் புதைப்பதைத் தடை செய்துவிட்டார்கள், போடும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் என்பது 2013இல் நாடு முழுக்க வந்தது.

முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. மூன்றாவது வாரம் கழிவில் இருந்த தண்ணீரை வடிகட்டிவிட்டுப் போடப் பழகிவிட்டேன், எடை குறையுமே! கட்டணம் ஒன்றும் பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தத் திரையில் தெரியும் எண்ணைப் பார்த்துப் பார்த்தே சமைக்கும் அளவைக் குறைத்தேன். ஜப்பானில் கமிகாட்சு என்ற சிற்றூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள், வீடு வீடாக வண்டியே வருவதில்லை, மக்களே கொண்டுபோய்ப் போடுகிறார்கள். ஆனால் அது ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். பெருநகரத்துக்கு அதை அப்படியே எடுத்துவர முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வாய்க்கால்:

மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று வந்து பார்த்தார்கள், குழி இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது என்றோம், எழுதிக்கொண்டு போனார்கள். மூடியைத் திறக்கச் சொல்லவே இல்லை. திறந்திருந்தால் தெரிந்திருக்கும், உள்ளே முக்கால்வாசி மண்.

100 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர், அவ்வளவுதான் கணக்கு. கொஞ்சம் சிதறினாலும் 4,000 லிட்டர் குழிக்கு வரும். வண்டல் அடைத்த குழியில் அது எங்கே இறங்கும்? நேரே தெருவுக்குத்தான். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற அன்றைக்குத்தான் ஆள் வைத்துக் குழியைத் தோண்டினேன். மேலே இருந்த மணலை எடுத்து அலசிப் போட்டோம், ஜல்லியைக் கழுவினோம், முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட ஒரு தனிக் குழாய் வைத்தோம். ஒரு நாள் வேலை. அடுத்த மழைக்கு எங்கள் வாசலில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதை எங்கள் வாசல் மேடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ராத்திரி ஷிப்ட்:

தெருவிளக்கை எல்.இ.டி.க்கு மாற்றினார்கள். மின்சாரம் மிச்சம், சந்தோஷம். ஆனால் என் படுக்கையறைக்குள் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி வெளிச்சம். 3,000 கெல்வினுக்குள் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, கூடினால் நீலம் கூடும்) இருக்கும் மஞ்சள் கலந்த வெளிச்சம்தான் தெருவுக்கு நல்லது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016இலேயே சொல்லியிருக்கிறது, நீலம் அதிகமுள்ள வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும். மனு கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து வந்து விளக்குக்கு ஒரு தகரக் குல்லா மாட்டிவிட்டுப் போனார்கள். நன்றாகவே தூங்குகிறேன்.

பச்சை வாளி:

வண்டிக்காரரிடம் பேசிவிட்டேன். மேற்பார்வைத் தம்பி சொன்னதுபோல யாருமே அவரிடம் பேசியதில்லை. வண்டியில் தடுப்பே இல்லை, துருப்பிடித்து விழுந்து வெகுநாள் ஆகிவிட்டதாம். "எங்ககிட்ட யாரும் கேக்கலம்மா" என்றார். நானும் மூன்று வீட்டுக்காரர்களும் சேர்ந்து நான்கு பெரிய சாக்கு வாங்கிக் கொடுத்தோம், அட்டையும் பிளாஸ்டிக்கும் இப்போது வண்டியின் பக்கவாட்டில் சாக்கில் தொங்கிக்கொண்டு போகிறது. பழைய பொருள் கடையில் போட்டு வரும் காசு அவருக்கு. வார்டு அலுவலகத்தில் தடுப்புக்கு மனுவும் கொடுத்திருக்கிறோம், ரசீது இருக்கிறது, தடுப்பு இன்னும் இல்லை.

இந்த ஏற்பாடு ஆரம்பித்து மூன்று வாரம். நேற்று அவர் என் பச்சை வாளியைக் கவிழ்க்காமல் அப்படியே திருப்பி வைத்துவிட்டு, உள்ளே கையைக் காட்டினார். காய்கறித் தோலுக்கு நடுவில் ஒரு ஷாம்பூ பாக்கெட்.

என் கணவர் போட்டது.