கல்வெட்டுப் படங்களைத் தெளிவாக்கும் செயற்றிட்டம்: ஆலோசனை தேவை

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையில் கணினி விஞ்ஞானம் பயிலும் நாங்கள் நால்வர், டிஜிட்டல் படச் செயலாக்கப் பாடத்தின் இறுதிச் செயற்றிட்டத்துக்காக, பிரெட்றிக் கோட்டை நுழைவாயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டின் ஒளிப்படங்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்க முயல்கிறோம்.

ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா வெள்ளையா எனப் பிரிக்கும் வெளிச்ச அளவாக, படம் முழுவதற்கும் ஒரே எல்லைப் பெறுமானத்தைத் தெரிவுசெய்யும் ஓட்சுவின் 1979ஆம் ஆண்டு முறை, கல்லின் ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் இருக்கும்போது நிழற்பகுதி முழுவதையும் கறுப்பாக்கிவிடுகிறது. ஒவ்வொரு புள்ளியையும் சூழ்ந்த சிறு சாளரத்தின் (சதுரப் பகுதியின்) வெளிச்சச் சராசரியையும் நியம விலகலையும் கொண்டு அந்தப் புள்ளிக்குரிய எல்லையைக் கணிக்கும் சவோலா முறை இதைப் பெருமளவு சரிசெய்கிறது. ஆனால் சாளரம் சிறிதானால் கல்லின் சொரசொரப்பும் எழுத்தாகத் தோன்றுகிறது, பெரிதானால் மெல்லிய கோடுகள் அழிந்துவிடுகின்றன. இரைச்சலை, அதாவது தவறாகத் தோன்றும் சிறு புள்ளிகளை நீக்க, ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அயற்புள்ளிகளின் இடையப் பெறுமானத்தை இடும் மீடியன் வடிகட்டியைப் பயன்படுத்துகிறோம், அதில் சிக்கலில்லை.

எங்களுக்கு உண்மையில் விளங்காதது மதிப்பீடுதான். ஒப்பிடுவதற்குரிய சரியான விடைப்படம் இல்லாத நிலையில், எங்களில் இருவர் தனித்தனியாகக் கையால் வரைந்த எழுத்துருவங்களை அளவுகோலாகக் கொள்வது ஏற்புடையதா? எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் தேய்ந்த கோட்டையும் மனத்தால் நிரப்பி வரைந்துவிடுவார் என்பதே எங்கள் ஐயம். கல்வெட்டுப் படியெடுப்பில் அனுபவமுள்ளவர்கள் இதற்கு என்ன செய்வீர்கள்?

அளிக்கைக்கு 15 நிமிடங்களே உள்ளன. சமன்பாடுகளைக் குறைத்து, ஒரே எழுத்தின் படத்தை ஒவ்வொரு படிநிலையிலும் காட்டலாம் என்பது என் கருத்து; நண்பர்கள் உடன்படவில்லை. இத்தகைய அளிக்கைகளை மதிப்பிட்ட விரிவுரையாளர்கள் எவரேனும் இங்கிருந்தால், நீங்கள் முதலில் எதைக் கேட்பீர்கள் என்பதை அறியத்தாருங்கள்.